ஷார்ட் இன்ட்ரஸ்ட் என்றால் வட்டியா? – வாசகர் கேள்விகளும் பதில்களும்

இடிஎஃப், அதாவது பல பங்குகளையோ பத்திரங்களையோ சேர்த்து வைத்து, அதன் யூனிட்டைப் பங்கு போலவே சந்தையில் வாங்கி விற்க விடும் ஃபண்டு பற்றிப் போன மாதம் எழுதியதற்கு வந்த கடிதங்களில் பாதிப் பேர் அதை எப்படி வாங்குவது என்று கேட்கவில்லை, எப்படி ஷார்ட் அடிக்கிறார்கள் என்றுதான் கேட்டிருக்கிறார்கள். ஒரே மாதிரிக் கேள்விகளைச் சேர்த்து, பெயர்களை விட்டுவிட்டுப் பதில் சொல்கிறேன். விதிகளும் எண்களும் அமெரிக்கச் சந்தையுடையவை. எக்ஸ்.ஆர்.டி., எஸ்.பி.ஒய். என்று நீங்கள் எழுதியிருந்த ஃபண்டுகள் எல்லாமே அங்கே வர்த்தகமாகிறவைதான்.

ஷார்ட் இன்ட்ரஸ்ட் என்பது ஷார்ட் அடித்தவர் கட்டும் வட்டியா? ஒரு ஃபண்டுக்கு நேராக 20% என்று போட்டிருந்தது. இவ்வளவு வட்டி கட்டி யார் ஷார்ட் அடிப்பார்கள்?

இந்தக் குழப்பம் உங்களுக்கு மட்டும் வந்ததில்லை, நானும் முதலில் அப்படித்தான் படித்தேன். வட்டிக்கும் இதற்கும் சம்பந்தம் கிடையாது. கையில் இல்லாத யூனிட்டை ஒருவரிடம் கடன் வாங்கி இன்றைய விலைக்கு விற்றுவிட்டு, பிறகு விலை இறங்கினால் மலிவாக வாங்கித் திருப்பிக் கொடுத்து, நடுவில் உள்ள வித்தியாசத்தை எடுத்துக்கொள்வது ஷார்ட் செல்லிங். அப்படி விற்கப்பட்டு இன்னும் திருப்பி வாங்கப்படாமல் நிற்கும் யூனிட்டுகளின் மொத்த எண்ணிக்கைதான் ஷார்ட் இன்ட்ரஸ்ட். ஃபண்டு வெளியிட்டிருக்கும் மொத்த யூனிட்டில் அது எத்தனை சதவீதம் என்று கணக்குப் போட்டால் நீங்கள் பார்த்த 20% வரும். கடன் வாங்கியதற்குக் கட்டணம் தனியாக உண்டு, அதை பாரோ ஃபீ என்பார்கள். எஸ்.பி.ஒய். மாதிரி எல்லோர் கையிலும் இருக்கும் பெரிய ஃபண்டுக்கு அது சொற்பம், யாரிடமும் அதிகம் கிடைக்காத சின்ன ஃபண்டுக்கு எக்கச்சக்கமாக ஏறும்.

இன்னொன்று, இந்த எண் தினமும் வருவதில்லை. புரோக்கர்கள் மாதம் 2 முறை, மாத நடுவிலும் கடைசியிலும் உள்ள நிலவரத்தை, தங்களைக் கண்காணிக்கும் ஃபின்ரா என்ற அமைப்புக்குக் கொடுப்பார்கள், அது வெளியாக மேலும் சில வேலை நாட்கள் ஆகும். ஆக நீங்கள் பார்க்கும்போதே அது பழைய கணக்கு.

எக்ஸ்.ஆர்.டி. என்ற ஃபண்டில் ஷார்ட் இன்ட்ரஸ்ட் 100 சதவீதத்தையும் தாண்டியதாகப் படித்தேன். இருப்பதே 100 என்றால் 100-க்கு மேல் எப்படி விற்க முடியும்? அப்படியானால் ஃபண்டு வெறும் காற்றுதானா, எல்லோரும் ஒரே நாளில் பணம் கேட்டால் என்ன ஆகும்?

வந்ததிலேயே நல்ல கேள்வி இது. கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

ஒரு ஃபண்டில் மொத்தமே 100 யூனிட், அத்தனையும் முதல் ஆளிடம் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அவருடைய புரோக்கர் அதை இரண்டாமவருக்குக் கடன் கொடுக்கிறார், இரண்டாமவர் அதை மூன்றாமவருக்கு விற்கிறார். மூன்றாமவருக்குத் தான் வாங்கியது கடன் வாங்கிய யூனிட் என்று தெரியாது, தெரியவேண்டிய அவசியமும் இல்லை, அவருக்கு அது அசல் யூனிட்தான். இப்போது மூன்றாமவருடைய புரோக்கர் அதே 100-ஐ நான்காமவருக்குக் கடன் கொடுக்க, அவர் ஐந்தாமவருக்கு விற்கிறார். முதல், மூன்றாம், ஐந்தாம் ஆள் மூவருமே தங்களிடம் தலைக்கு 100 இருப்பதாகக் கணக்கு வைத்திருப்பார்கள், ஆக 300. இரண்டாமவரும் நான்காமவரும் தலைக்கு 100 பாக்கி, ஆக 200. கழித்துப் பார்த்தால் மிஞ்சுவது அதே 100. ஆனால் ஷார்ட் இன்ட்ரஸ்ட் 200%! வங்கியில் போட்ட பணத்தை வங்கி கடன் கொடுத்து, கடன் வாங்கியவர் கொடுத்த பணம் இன்னொரு வங்கியில் டெபாசிட் ஆகி, அங்கிருந்து மறுபடி கடனாகப் போவது போலத்தான் இதுவும். எங்கேயும் காற்று இல்லை, ஒரே பொருள் கைமாறியதில் கணக்கு பெருகியிருக்கிறது.

2010-இல் இதை வைத்துப் பெரிய பயம் கிளம்பியது. எக்ஸ்.ஆர்.டி. சில்லறை வணிக நிறுவனங்களின் பங்குகளை வைத்திருக்கும் ஃபண்டு, அதில் ஷார்ட், வெளியிட்ட யூனிட்டை விடப் பல மடங்காக இருந்தது, உடனே 'ஒரு இடிஎஃப் சரிந்து விழுமா' என்று கட்டுரைகள் வந்தன. காஃப்மன் அறக்கட்டளையின் ஹரோல்ட் பிராட்லியும் ராபர்ட் லைட்டனும் அதே ஆண்டு இடிஎஃப்களால் சந்தைக்கே ஆபத்து என்று அறிக்கை எழுதினார்கள். வாதம் இதுதான்: 300 யூனிட் வைத்திருப்பவர்கள் வந்து கேட்டால் 100-க்கான பங்குதானே ஃபண்டில் இருக்கிறது?

கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் ஃபண்டின் வாசலில் போய் யூனிட்டைக் கொடுத்துப் பங்கை வாங்கிக்கொள்ள எல்லோராலும் முடியாது. ஒப்பந்தம் போட்ட சில பெரிய நிறுவனங்களால் மட்டும்தான் முடியும், அதுவும் 25,000, 50,000 என்று மொத்த மொத்தமாக, கையில் அசல் யூனிட்டை வைத்துக்கொண்டு. மேலே சொன்ன கதையில் அசல் யூனிட் ஐந்தாமவரிடம்தான் இருக்கிறது. அவர் சார்பில் ஒரு நிறுவனம் 100-ஐயும் கொடுத்துப் பங்குகளை எடுத்துக்கொண்டால் ஃபண்டு காலி, யாருக்கும் பாக்கி இல்லை. முதலாமவருக்கும் மூன்றாமவருக்கும் பாக்கி வைத்திருப்பது ஃபண்டு கிடையாது, ஷார்ட் அடித்த இரண்டு பேர். அவர்கள் என்ன செய்வார்கள்? சந்தையில் யூனிட் கிடைக்காவிட்டால், ஃபண்டில் உள்ள பங்குகளை அதே விகிதத்தில் சந்தையில் வாங்கி, ஒரு நிறுவனத்தின் மூலம் ஃபண்டிடம் கொடுத்து, புது யூனிட் உண்டாக்கிக் கடனை அடைக்கலாம். ஒரு கம்பெனிப் பங்கில் இந்த வழி இல்லவே இல்லை. கம்பெனி நினைத்தால் ஒழியப் புதுப் பங்கு வராது. இடிஎஃப்பில் யூனிட் எண்ணிக்கை தினமும் கூடும், குறையும்.

அதனால் அந்தச் சதவீதமே கொஞ்சம் ஏமாற்றுகிற சதவீதம். ஷார்ட் ஒன்றுமே கூடாமல், யாரோ ஒருவர் பாதி யூனிட்டைக் கொடுத்துப் பங்கை எடுத்துப் போய்விட்டாலே 60% என்பது 120% ஆகிவிடும். வகுக்கும் எண் ஓடிக்கொண்டே இருக்கிறது. கம்பெனிப் பங்குக்குப் பழகிய கண்ணோடு இதைப் பார்த்தால் தவறாகத்தான் படிப்போம்.

ஆபத்தே இல்லை என்று சொல்லவில்லை. ஷார்ட் அடித்தவர் திவாலானால், கடன் கொடுத்த புரோக்கர் கையில் உள்ள ஈட்டை விற்று யூனிட் வாங்கவேண்டும், அது போதாமல் போகலாம். ஆனால் அது புரோக்கரின் தலைவலி, ஃபண்டின் சொத்து அதில் இல்லை.

நான் வாங்க நினைத்த ஃபண்டில் ஷார்ட் அதிகம். விழப்போகிறது என்று பெரிய ஆட்களுக்கு முன்கூட்டியே தெரிந்திருக்குமோ?

சில நேரம் இருக்கலாம். பெரும்பாலும் இல்லை, காரணம் வேறு.

பெரிய பணக்காரர்களின், நிறுவனங்களின் பணத்தை நிர்வகிக்கும் ஒரு ஹெட்ஜ் ஃபண்டு ஒரு சிப் கம்பெனியின் பங்கு ஏறும் என்று நினைக்கிறது, ஆனால் சிப் துறை முழுக்க அடிவாங்கினால் அந்த நல்ல கம்பெனியும் சேர்ந்து இறங்கும் என்ற பயம் அதற்கு இருக்கிறது. அந்தக் கம்பெனியை வாங்கி, கூடவே சிப் துறை இடிஎஃப்பை ஷார்ட் அடித்துவிட்டால் துறை ஏறினாலும் இறங்கினாலும் கவலையில்லை, தன் கம்பெனி மற்றவற்றை விட நன்றாகச் செய்தால் போதும். இங்கே ஷார்ட் அடித்தவருக்கு அந்தத் துறை மேல் எந்தக் கோபமும் கிடையாது. சொல்லப்போனால் அவர் அந்தத் துறையில் ஒரு கம்பெனியை நம்பித்தான் இதைச் செய்கிறார். ஷியாங் ஹுவாங், மொரீன் ஓஹாரா, ஜுவோ ஜோங் ஆகிய மூவரும் செய்த ஆய்வில், நல்ல லாபச் செய்தி வருவதற்கு முன்னால் 'பங்கை வாங்கு, துறை இடிஎஃப்பை ஷார்ட் அடி' என்கிற இந்த ஜோடி வேலை கூடுவதைக் கண்டார்கள். நல்ல செய்தி வரப்போகிறது என்று தெரிந்தவர்தான் அங்கே ஷார்ட் அடித்திருக்கிறார், எவ்வளவு வேடிக்கை பாருங்கள்.

சிறிய கம்பெனிகளின் ஐ.டபிள்யூ.எம்., அதிக வட்டிக் கடன் பத்திரங்களின் ஹெச்.ஒய்.ஜி. இரண்டிலும் எப்போதும் ஷார்ட் கணிசமாக இருப்பதற்கும் இதேதான் முக்கியக் காரணம். தனித்தனியாக நூற்றுக்கணக்கான பத்திரங்களைக் கடன் வாங்கி ஷார்ட் அடிப்பதைவிட ஒரே இடிஎஃப்பில் வேலை முடிந்துவிடுகிறது.

2008 செப்டம்பரில் நடந்ததும் நினைவுக்கு வருகிறது. அமெரிக்க ஒழுங்குமுறை ஆணையமான எஸ்.இ.சி. சுமார் 800 நிதி நிறுவனப் பங்குகளை ஷார்ட் அடிக்கத் தடை போட்டது, தடை அக்டோபர் 8 வரை இருந்தது. பங்குக்குத்தான் தடை, இடிஎஃப்புக்கு இல்லை. உடனே ஆட்கள் இடிஎஃப் பக்கம் போனார்கள். வாசலை அடைத்தால் ஜன்னல்.

தினசரிக் கணக்கில் ஒரு ஃபண்டின் வர்த்தகத்தில் பாதி 'ஷார்ட் விற்பனை' என்று வருகிறதே, அது பயங்கரம் இல்லையா?

இல்லை. அது ஷார்ட் வால்யூம், ஷார்ட் இன்ட்ரஸ்ட் வேறு. நீங்கள் 100 யூனிட் வாங்க ஆர்டர் போடும்போது எதிரில் விற்பவர் பல சமயம் ஒரு மார்க்கெட் மேக்கர், அதாவது வாங்கவும் விற்கவும் எப்போதும் விலை கொடுத்துக்கொண்டிருக்கும் வர்த்தகர், அவர் கையில் அந்த நொடி யூனிட் இல்லாவிட்டால் அந்த விற்பனை ஷார்ட் என்றுதான் பதிவாகும், அடுத்த சில நிமிடத்தில் வேறொருவரிடம் வாங்கிச் சரிசெய்துவிடுவார். மாலையில் பாக்கி பூஜ்ஜியம். ஆனாலும் தினசரிக் கணக்கில் அந்த 100 ஷார்ட்டாக நிற்கும். பாதி என்பது சாதாரண நாளில் வருகிற அளவுதான்.

இல்லாத யூனிட்டை மார்க்கெட் மேக்கர் விற்கலாமா? கடன்கூட வாங்காமல் விற்கிற நேக்கட் ஷார்ட் என்பது அதுதானே? சாதாரண ஆள் செய்தால் குற்றம், இவர்கள் செய்தால் சேவையா?

கோபம் புரிகிறது. அந்தக் கோபத்தில் கால்வாசி நியாயமும் உண்டு.

ரெகுலேஷன் எஸ்.ஹெச்.ஓ. என்ற விதித்தொகுப்பு 2005 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. ஷார்ட் ஆர்டர் போடுவதற்கு முன்பே யூனிட் எங்கே கடன் கிடைக்கும் என்று புரோக்கர் பார்த்து வைத்திருக்க வேண்டும் என்பது அதில் ஒரு விதி. உண்மையாகச் சந்தைக்கு இரு பக்கமும் விலை கொடுத்துக்கொண்டிருக்கும் மார்க்கெட் மேக்கருக்கு மட்டும் விலக்கு. யூனிட்டை உரிய நாளில் ஒப்படைக்கத் தவறினால் மற்றவர்கள் மறுநாளே சரிசெய்யவேண்டும், மார்க்கெட் மேக்கருக்குக் கூடுதலாக இன்னும் 2 நாள் உண்டு. விற்றபின் யூனிட்டை ஒப்படைத்துப் பணம் வாங்கும் செட்டில்மென்ட் 3 நாளாக இருந்த காலத்தில் இது மொத்தம் 6 நாள் ஆனது. 2017 செப்டம்பரில் செட்டில்மென்ட் 2 நாளாகவும், 2024 மே மாதத்தில் 1 நாளாகவும் குறைந்ததால் இப்போது 4 நாள்.

சரி, ஏன் தாமதம் செய்கிறார்? காலையில் ஒரு ஃபண்டுக்கு வாங்குபவர் கூட்டம் வருகிறது. மார்க்கெட் மேக்கர் 30,000 யூனிட் விற்றுவிட்டார், ஃபண்டிடம் புது யூனிட் உண்டாக்கவேண்டுமானால் குறைந்தது 50,000. மீதி 20,000 அவர் தலையில் கட்டப்படும், அப்புறம் ஃபண்டுக்குக் கட்டணமும் கட்டவேண்டும். அதைவிட விற்ற 30,000-க்கு ஈடான பங்குகளையோ, பின்னொரு தேதிக்கு இன்றே விலை பேசும் ஒப்பந்தமான ஃபியூச்சரையோ வாங்கி வைத்துக்கொண்டு இரண்டு நாள் பொறுத்தால், நாளையே விற்பவர் கூட்டம் வரலாம், அவர்களிடமே வாங்கி அடைத்துவிடலாம், புது யூனிட்டே தேவைப்படாது. இதை ஆய்வாளர்கள் செயல்முறை ஷார்ட் என்கிறார்கள். விலை இறங்கும் என்ற எண்ணம் இதில் துளியும் இல்லை. அவர் விற்றது இடிஎஃப், வாங்கியது அதே இடிஎஃப்புக்குள் இருக்கும் பங்குகள். ஏறினாலும் இறங்கினாலும் அவருக்கு ஒன்றுதான்.

ரிச்சர்ட் இவான்ஸ், ரபி முசாவி, மைக்கேல் பகானோ, ஜான் செடுனோவ் நால்வரும் செய்த கணக்கு ஒன்று இருக்கிறது. 2016 முடிவில் அமெரிக்கப் பங்குச் சந்தை மதிப்பில் இடிஎஃப்களின் பங்கு வெறும் 10%, ஆனால் மொத்த ஷார்ட் இன்ட்ரஸ்ட்டில் 20 சதவீதத்துக்கு மேல், ஒப்படைக்கத் தவறிய டெலிவரிகளில் 78%! கேட்டவுடன் மோசடி வாசம் அடிக்கிற எண். அவர்கள் தேடிப்பார்த்துச் சொன்ன விளக்கத்தில் பெரும்பகுதி மேலே நான் சொன்ன வேலைதான். ஆனால் அதே ஆய்வாளர்கள் இன்னொன்றும் சொன்னார்கள், இப்படி நிலுவை சேர்ந்துகொண்டே போனால் சந்தை நெருக்கடி நேரத்தில் ஒருவர் தடுமாற மற்றவரும் தடுமாறும் அபாயம் உண்டு என்று. நான் கால்வாசி நியாயம் என்றது இதைத்தான். செலவை மிச்சப்படுத்துவது அவர், காத்திருக்கும் சங்கிலியில் நிற்பது எல்லோரும்.

2021-இல் கேம்ஸ்டாப் என்ற வீடியோ கேம் கடை நிறுவனத்தின் பங்கு ஏறியபோது எக்ஸ்.ஆர்.டி. பெயர் ஏன் அடிபட்டது?

எக்ஸ்.ஆர்.டி. தன்னிடம் உள்ள எல்லாக் கம்பெனிகளுக்கும் ஏறக்குறைய சம எடை கொடுக்கும் ஃபண்டு, அப்போது ஆளுக்கு 1% பக்கம். மூன்று மாதத்துக்கு ஒருமுறைதான் எடையைச் சரிசெய்யும். அந்த இடைவெளியில் கேம்ஸ்டாப் ஜனவரி தொடக்கத்தில் 20 டாலருக்குக் கீழே இருந்து 27-ஆம் தேதி 347 டாலருக்கு மேல் முடிந்தது. விளைவு, சில்லறை வணிகத் துறை ஃபண்டு என்று வாங்கியவர்களின் பணத்தில் 20% பக்கம் ஒரே கம்பெனியில்!

இப்போது இரண்டு பக்கமிருந்தும் ஆட்கள் வந்தார்கள். கேம்ஸ்டாப்பின் ஷார்ட் இன்ட்ரஸ்ட் அந்த மாதம் சுமார் 123% வரை போனதாக எஸ்.இ.சி. ஊழியர் அறிக்கையே சொல்கிறது, கடன் வாங்கப் பங்கு கிடைப்பது கஷ்டம், கிடைத்தாலும் கட்டணம் அதிகம். எக்ஸ்.ஆர்.டி.யை ஷார்ட் அடித்து, அதில் உள்ள மற்ற எல்லாப் பங்குகளையும் வாங்கிவிட்டால் மிச்சம் நிற்பது கேம்ஸ்டாப் ஷார்ட் மட்டும். சுற்றிவளைத்து மூக்கைத் தொடுவதுதான், ஆனாலும் தொடலாம். இன்னொரு பக்கம், கேம்ஸ்டாப் பங்கு அவசரமாகத் தேவைப்பட்டவர்களுக்கு ஃபண்டு ஒரு கிடங்கு. எக்ஸ்.ஆர்.டி. யூனிட்டைச் சந்தையில் வாங்கி, பெரிய நிறுவனம் மூலம் ஃபண்டிடம் கொடுத்தால் உள்ளே இருக்கும் கேம்ஸ்டாப் வெளியே வரும். சில நாட்களில் ஃபண்டின் யூனிட் எண்ணிக்கை கரைந்துபோனது. யூனிட் கரைந்தால் சதவீதம் எகிறும் என்று முன்னால் சொன்னேன் அல்லவா, அப்போது சுற்றிவந்த படுபயங்கர ஷார்ட் சதவீதங்களை அதை வைத்துக்கொண்டு படிக்கவேண்டும்.

அப்படியானால் ஷார்ட் அடித்தவர்கள் திருப்பி வாங்க முண்டியடித்து விலை எகிறும் ஷார்ட் ஸ்க்வீஸ் இடிஎஃப்பில் வரவே வராதா?

புது யூனிட் உண்டாக்கும் வாசல் திறந்திருக்கும் வரை வருவது ரொம்பக் கஷ்டம். யூனிட் விலை உள்ளிருக்கும் பங்குகளின் மதிப்பை விட ஏறினால், பங்கை வாங்கி யூனிட்டாக்கி விற்க ஆட்கள் காத்திருக்கிறார்கள்.

வாசலை மூடினால் கதை வேறு. 2022 மார்ச் 14 அன்று பார்க்லேஸ் வங்கி, இடிஎஃப் போலவே வர்த்தகமாகும் வி.எக்ஸ்.எக்ஸ். என்பதன் புது வெளியீட்டை நிறுத்தியது. அனுமதி பெற்ற அளவைத் தாண்டி ஏற்கனவே வெளியிட்டுவிட்டார்களாம், பிறகுதான் தெரிந்தது! ஷார்ட் அடித்திருந்தவர்கள் திருப்பி வாங்க ஓட, புது வரத்து இல்லாததால் விலை அதன் கணக்கு மதிப்பை விட்டு மேலே போனது. ஒன்று கவனியுங்கள், வி.எக்ஸ்.எக்ஸ். கண்டிப்பாகச் சொன்னால் இடிஎஃப் அல்ல, இடிஎன், அதாவது வங்கியின் கடன் பத்திரம். திரையில் பார்த்தால் இரண்டும் ஒன்று போலத்தான் தெரியும்.

என் கணக்கில் உள்ள யூனிட்டைப் புரோக்கர் எனக்குத் தெரியாமல் கடன் கொடுக்கலாமா? டிவிடெண்ட் வருமா?

மார்ஜின் கணக்கு, அதாவது புரோக்கரிடம் கடன் வாங்கி வர்த்தகம் செய்யும் கணக்கு என்றால், நீங்கள் கையெழுத்துப் போட்ட ஒப்பந்தத்திலேயே அந்த அனுமதி இருக்கும். முழுப்பணம் கொடுத்து வாங்கிய யூனிட் என்றால் தனியாக உங்கள் சம்மதம் வேண்டும். கடன் போன யூனிட்டுக்கு டிவிடெண்ட் வராது, அதற்குச் சமமான தொகையை ஷார்ட் அடித்தவர் கொடுப்பார், உங்களுக்கு வரும். தொகை ஒன்றுதான், ஆனால் அமெரிக்க வரிக் கணக்கில் அதற்கு டிவிடெண்டுக்கு உள்ள சலுகை விகிதம் கிடையாது. நான் ஒருமுறை ஒரு ஃபண்டை ஷார்ட் அடித்துவிட்டு டிவிடெண்ட் தேதியைப் பார்க்காமல் விட்டு, கணக்கில் பணம் குறைந்திருப்பதைப் பார்த்து அரை நாள் தலையைச் சொறிந்திருக்கிறேன். ஷார்ட் அடித்தவர் டிவிடெண்ட் கொடுப்பவர், வாங்குபவர் அல்ல.

இதில் இன்னொரு அடுக்கும் உண்டு, பலர் இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்கிறார்கள். நீங்கள் வைத்திருக்கும் யூனிட் கடன் போவது ஒன்று. ஃபண்டு தன்னிடம் உள்ள பங்குகளைக் கடன் கொடுப்பது இன்னொன்று. அமெரிக்க ஃபண்டுகள் சொத்தில் மூன்றில் ஒரு பங்கு வரை கடன் கொடுக்கலாம், உள்நாட்டுப் பங்கு என்றால் வழக்கமாக 102% ஈடு வாங்கிக்கொண்டு. அந்த வருமானம் ஃபண்டுக்கு வரும், அதில் எத்தனை பங்கு நிர்வாக நிறுவனம் எடுத்துக்கொள்கிறது என்பதை ஆண்டறிக்கையில் பார்க்கலாம். 1993-இல் தொடங்கிய எஸ்.பி.ஒய். பழைய டிரஸ்ட் வடிவத்தில் இருப்பதால் அதற்குக் கடன் கொடுக்க அனுமதியே இல்லை, அதே எஸ் அண்ட் பி 500 குறியீட்டைப் பின்தொடரும் ஐ.வி.வி., வி.ஓ.ஓ. இரண்டுக்கும் உண்டு.

ஷார்ட் அடிப்பதற்குப் பதில் இன்வர்ஸ் இடிஎஃப் வாங்கிவிட்டால் போதுமே? கடன், மார்ஜின் எதுவும் வேண்டாமே?

ஒரு நாளைக்கு என்றால் போதும். இன்வர்ஸ் ஃபண்டு வாக்குக் கொடுப்பது அன்றன்றைய எதிர்த்திசை நகர்வுக்கு மட்டும். குறியீடு 100-லிருந்து 110 போய் மறுநாள் திரும்ப 100-க்கே வருகிறது என்றால் ஷார்ட் அடித்தவருக்கு லாபமும் இல்லை நஷ்டமும் இல்லை. இன்வர்ஸ் வாங்கியவருக்கு முதல் நாள் 10% போய் 90, மறுநாள் குறியீடு இறங்கியது 9.09% என்பதால் 90 அந்த அளவு ஏறி 98.18. குறியீடு கிளம்பிய இடத்துக்கே வந்துவிட்டது, இவர் பணத்தில் ஏறக்குறைய 2 போய்விட்டது. மேலும் கீழும் ஆடுகிற சந்தையில் இப்படித் தேயும்.

நேர்கோட்டில் இறங்கினால் மாறாக லாபம் கூடும். இரண்டு நாள் தொடர்ந்து 10% இறங்கினால் குறியீடு 81, ஷார்ட் அடித்தவருக்கு 19, இன்வர்ஸ்காரருக்கு 110 ஆகி 121 ஆகி 21. அதனால் இன்வர்ஸ் என்றாலே ஏமாற்று என்று சொல்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. மாதக்கணக்கில் வைத்திருப்பவரைத்தான் கவலையோடு பார்ப்பேன். இன்னொரு வசதி, இன்வர்ஸில் போட்ட பணத்துக்கு மேல் போகாது. ஷார்ட்டில் விலை ஏற ஏற நஷ்டத்துக்கு எல்லையே இல்லை, மார்ஜின் கேட்டு அழைப்பும் வரும்.

போட்ட பணமே போய்விடும் நாளும் உண்டு. 2018 பிப்ரவரி 5 அன்று சந்தைப் பதற்றத்தை அளக்கும் விக்ஸ் 17-லிருந்து 37-க்குத் தாவியது. விக்ஸ் ஃபியூச்சரை ஷார்ட் அடிப்பதற்குச் சமமான எக்ஸ்.ஐ.வி. என்ற பத்திரம் தன் மதிப்பில் 90 சதவீதத்துக்கு மேல் இழந்தது, அதே மாதத்தில் மூடப்பட்டது. அன்று மாலை எக்ஸ்.ஐ.வி. தன் கணக்கைச் சரிசெய்ய விக்ஸ் ஃபியூச்சரை வாங்கியே ஆகவேண்டும், அது வாங்குவதாலேயே விக்ஸ் ஃபியூச்சர் இன்னும் ஏறியது, ஏறியதால் இன்னும் வாங்கவேண்டி வந்தது.

ஷார்ட் இன்ட்ரஸ்ட்டை 'டேஸ் டு கவர்' என்றும் போடுகிறார்கள். எதைப் பார்ப்பது?

மொத்த ஷார்ட்டை ஒரு நாள் சராசரி வர்த்தகத்தால் வகுத்தால் அது வரும், ஷார்ட் அடித்தவர்கள் எல்லோரும் திருப்பி வாங்க எத்தனை நாள் வர்த்தகம் வேண்டும் என்று காட்டும். கம்பெனிப் பங்குக்கு உதவும். இடிஎஃப்புக்கு நான் இரண்டையும் ஓரமாக வைத்துவிட்டு, பாரோ ஃபீ ஏறுகிறதா, யூனிட் விலை உள்மதிப்பை விட்டு விலகி நிற்கிறதா, யூனிட் எண்ணிக்கை இந்த வாரம் எவ்வளவு மாறியது, இந்த மூன்றையும்தான் முதலில் பார்ப்பேன். யூனிட் எண்ணிக்கையை ஃபண்டு நிறுவனமே தினமும் வெளியிடுகிறது, தேடுவது ஒன்றும் கஷ்டமில்லை.